சொந்தத்தில் கல்யாணம், குடும்பத்தில் அல்பினிசம்: எந்தப் பரிசோதனையில் தொடங்குவது?

அண்ணனுக்கு அல்பினிசம் (பிறவியிலேயே நிறமி குறைவாக இருப்பது), தம்பிக்கு இல்லை. தம்பிக்கும் அத்தை மகளுக்கும் கல்யாணம் பேசியிருக்கிறார்கள். பிறக்கும் குழந்தைக்கு அல்பினிசம் வருமா?

இதற்கு மூன்று வழிகளில் பதில் தேடலாம். குடும்ப வரைபடத்தை வைத்துக் கணக்குப் போடலாம். மணமக்கள் இருவருக்கும் நேரடியாக மரபணுப் பரிசோதனை செய்யலாம். அல்லது முதலில் அண்ணனின் ரத்தத்தைச் சோதித்து, அதில் தெரியும் பிழையை மட்டும் இந்த இருவரிடமும் தேடலாம். பிள்ளை பெறப்போவது மணமக்கள்தானே என்று இரண்டாவது வழியில் இறங்கத் தோன்றும். என் ஓட்டு மூன்றாவதற்கு.

அடிப்படையைச் சொல்லிவிடுகிறேன். தோல், முடி, கண் மூன்றிலும் மெலனின் என்ற நிறமி குறையும் அல்பினிசம் ஒடுங்கு பண்பாக இறங்குகிறது. ஒவ்வொரு மரபணுவும் நம்மிடம் இரண்டு பிரதிகளாக இருக்கிறது: அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று. இரண்டிலும் பிழை இருந்தால்தான் அல்பினிசம். ஒன்றில் மட்டும் பிழை உள்ளவர் கேரியர். அவரைப் பார்த்து எதையும் கண்டுபிடிக்க முடியாது. சொந்தத்தில் மணப்பது புதிதாக ஒரு பிழையை உண்டாக்குவதில்லை. தாத்தா அல்லது பாட்டியிடம் இருந்த ஒரே பிழை இரண்டு கிளைகளில் இறங்கி வந்து, ஒரு குழந்தையிடம் சேர வழி திறக்கிறது, அவ்வளவுதான். ஆக, குழந்தை வெளுப்பாகப் பிறந்ததற்குத் தாயைக் குறை சொல்வதில் துளியும் நியாயமில்லை. அந்தக் குழந்தைக்குப் பாதி மரபணுக்கள் அப்பாவிடமிருந்து வந்தவை.

இப்போது கணக்கு. தம்பிக்கு அல்பினிசம் இல்லை என்று தெரிந்துவிட்டது. அதனால் அவர் கேரியராக இருக்கும் வாய்ப்பு 3-ல் 2. அண்ணனுக்கு அல்பினிசம் இருப்பதால் அப்பா நிச்சயமாகக் கேரியர். அவருடைய தங்கையான அத்தைக்கு வாய்ப்பு 2-ல் 1, அத்தை மகளுக்கு 4-ல் 1. இருவரும் கேரியர் என்றால் ஒவ்வொரு குழந்தைக்கும் 4-ல் 1. மூன்றையும் பெருக்கினால் 24-ல் 1. இதே தம்பி உறவில்லாத ஒருவரை மணந்தால்? பொதுவாக ஏறக்குறைய 70 பேரில் ஒருவர் கேரியர் என்பார்கள். அப்படியானால் 420-ல் 1. அண்ணனே அத்தை மகளை மணந்தால் 8-ல் 1 வரை ஏறிவிடும். அப்படிப்பட்ட குடும்பத்தில் அப்பாவுக்கும் பிள்ளைக்கும் அடுத்தடுத்து அல்பினிசம் வருவதைப் பார்த்து, இது ஓங்கு பண்பு, அதாவது ஒரு பிரதியில் பிழை இருந்தாலே வருவது, என்று தப்பாக நினைத்துவிடுவதும் உண்டு.

இந்தக் கணக்குக்குச் செலவு கிடையாது. பேனாவும் காகிதமும் போதும். ஆனால் 24-ல் 1 என்பது ஒரு சராசரி. உண்மையில் எந்தத் தம்பதியும் அந்த எண்ணில் நிற்பதில்லை. இருவரும் கேரியர் என்றால் 4-ல் 1. ஒருவராவது கேரியர் இல்லையென்றால் ஏறக்குறைய பூஜ்யம். இரண்டில் எது என்று கணக்கால் சொல்ல முடியாது.

சரி, மணமக்களை நேரடியாகச் சோதித்தால்? இங்கேதான் சிக்கல். அல்பினிசத்துக்குக் காரணம் ஒரே மரபணு அல்ல, பல. பெற்றோர் இருவருக்குமே அல்பினிசம் இருந்தும் குழந்தைகள் சாதாரண நிறத்தோடு பிறந்த ஒரு குடும்பம் 1952-லேயே மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது; இருவரிடமும் பழுதானவை வெவ்வேறு மரபணுக்கள். எதைத் தேடுகிறோம் என்று தெரியாமல் எல்லாவற்றையும் துழாவினால், பொருள் நிச்சயமில்லாத மாற்றம் (நோய் தருமா தராதா என்று சொல்ல முடியாதது) என்று ஒரு வரி அறிக்கையில் வந்து தூக்கத்தைக் கெடுக்கும். ஒன்றும் கிடைக்கவில்லை என்று வந்தாலும் நிம்மதி முழுமையாக இராது. அல்பினிசம் உள்ளவர்களிடமே சிலருக்கு இரண்டு பிழைகளில் ஒன்றாவது சோதனையில் பிடிபடாமல் போகிறது. ஆனாலும் இந்த வழிக்கு ஒரு பெரிய பலம் உண்டு: சொந்தத்தில் மணப்பவர்களுக்குப் பொதுவாக இருக்கக்கூடிய மற்ற ஒடுங்கு நோய்களையும் அது சேர்த்துப் பார்க்கும். அண்ணன் உயிரோடு இல்லை, அல்லது சோதனைக்கு விருப்பமில்லை என்றாலும் இதுதான் வழி.

அண்ணனின் ரத்தத்தில் தொடங்கினால் தேட வேண்டிய இடம் தெரிந்துவிடும். அவருடைய பெற்றோரும் சொந்தம் என்றால், பெரும்பாலும் ஒரே பிழை இரண்டு பிரதிகளிலும் இருக்கும். அறிக்கையைப் படிப்பது எளிது. அந்தப் பிழை தம்பியிடம் இல்லையென்றால், இல்லை என்ற பதிலை நம்பலாம்.

இதைவிட முக்கியமானது, எந்த வகை என்று தெரிவது. கண்ணை மட்டும் பாதிக்கும் ஒரு வகை எக்ஸ் குரோமோசோம் வழியாகத் தாயிடமிருந்து மகனுக்குப் போகிறது. அண்ணனுக்கு அந்த வகை என்றால் மேலே போட்ட கணக்கு முழுவதும் செல்லாது: அல்பினிசம் இல்லாத தம்பியிடம் அந்தப் பிழையே இருக்காது. ஹெர்மான்ஸ்கி-புட்லாக் என்று இன்னொன்று; 1959-ல் பிராக் நகர மருத்துவர்கள் இருவர் விவரித்தது. வெளிப்பார்வைக்கு அல்பினிசம் போலவே இருக்கும். ஆனால் ரத்தம் எளிதில் நிற்காது, சில வகைகளில் பிற்காலத்தில் நுரையீரலும் பாதிக்கப்படும். பல் பிடுங்குவதற்கு முன்பே தெரிந்திருக்க வேண்டிய விஷயம் இது. அதனால் இந்தச் சோதனை முதலில் அண்ணனுக்கே உதவுகிறது. தம்பி கல்யாணத்துக்காக ஒரு மாதிரி எடுப்பதாக நினைத்து அவரை அணுகாதீர்கள். அவர் மனம் ஒப்பினால் மட்டுமே.

இருவரும் கேரியர் என்று தெரிந்தால், கர்ப்பத்தின் 11 முதல் 13 வாரங்களில் நஞ்சுக்கொடித் திசுவை எடுத்தும், 15 வாரத்துக்குப் பிறகு பனிக்குட நீரை எடுத்தும் பார்க்க முடியும். கருவைச் சோதித்துக் கருப்பையில் வைக்கும் முறையும் இருக்கிறது. இவை எல்லாவற்றுக்கும் குடும்பத்துப் பிழை எது என்று முன்பே தெரிந்திருக்க வேண்டும். இருவரும் கேரியர் என்று தெரிந்த பிறகும் இவை எதையும் நாடாமல் குழந்தை பெற்றுக்கொள்வதை நான் அறியாமை என்று சொல்லமாட்டேன். பார்வைக் குறைவு, கண்கூச்சம், வெயிலில் தோலுக்கு ஆபத்து, இவை உண்மையான சிரமங்கள். ஆனால் பொதுவான வகைகளில் அறிவுக்கும் ஆயுளுக்கும் குறைவில்லை. முன்கூட்டித் தெரிந்தால் பிறந்த நாளிலிருந்தே கண்ணையும் தோலையும் காக்கத் தொடங்கலாம்.

அண்ணனின் அறிக்கை வந்ததும் அதன் முழுப் பிரதியைக் கேட்டு வாங்கி வையுங்கள். மரபணுவின் பெயரும் பிழையின் சரியான குறியீடும் அதில் இருந்தால்தான், நாளைக்கு இன்னொரு உறவினர் வேறு ஆய்வகத்துக்குப் போனாலும் அதே இடத்தைத் தேடச் சொல்ல முடியும்.