ஃபில்டரை மாற்றுவதா, காற்று வரும் வழியை மாற்றுவதா?

என்னிடமும் என் மச்சினனிடமும் இருப்பது ஒரே மாடல் கார். 2014-இல் வாங்கிய 1.2 லிட்டர் பெட்ரோல் வண்டி, காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளும் டர்போ கிடையாது. இரண்டு வருடம் முன்பு அவன் எஞ்சினுக்குப் போகும் காற்றை வடிகட்டும் கம்பெனி ஃபில்டரைப் பெட்டியோடு கழற்றிவிட்டு, கூம்பு வடிவத்தில் இருக்கும் ஒரு கோன் ஃபில்டரை மாட்டிக்கொண்டு வந்து, "மாமா, சத்தத்தைக் கேளுங்க, வண்டி பறக்குது" என்றான். சத்தம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் சித்திரை மாத மதியத்தில், மதுரை கோரிப்பாளையம் நெரிசலில் கால் மணி நேரம் ஊர்ந்துவிட்டு ஏசியோடு ஒரு ஏற்றம் ஏறும்போது, கம்பெனி ஃபில்டர் பெட்டியோடு இருந்த என் வண்டிதான் திணறாமல் ஏறியது. அது எப்படி என்று பார்க்கப் போய்த்தான் அந்தக் கோடை முழுவதும் கழிந்தது. ஒரே மாதிரி இரண்டு வண்டி கையில் இருந்ததால் காற்று வரும் அமைப்பை நான்கு விதமாக மாட்டிப் பார்த்துவிட்டோம்.

முதலில் விஷயம் என்னவென்றால், எஞ்சினுக்கு வேண்டியது காற்றின் கனஅளவு இல்லை, அதில் இருக்கும் ஆக்சிஜன். காற்று சூடேறினால் விரியும். சுமார் மூன்று டிகிரி ஏறினால் ஒரு சதவீதம் அடர்த்தி குறையும் என்று வைத்துக்கொள்ளலாம். அதோடு போகாது. உள்ளே போகும் காற்று சூடாக இருந்தால் பெட்ரோல் எஞ்சினில் நாக்கிங், அதாவது பெட்ரோல் கலவை தாறுமாறாக வெடித்துத் தட்டும் சத்தம், வரும் வாய்ப்பு கூடும். அதைத் தவிர்க்க எஞ்சினின் கம்ப்யூட்டரான ஈசியூ, ஸ்பார்க் நேரத்தைத் தள்ளிப்போடும், இழுவை இன்னும் குறையும். வெளியிலேயே 40 டிகிரி அடிக்கிற ஊரில் நாம் சக்தியைக் கூட்டப் பார்க்கவில்லை. இருக்கிற சக்தி களவு போகாமல் காவல் காக்கிறோம், அவ்வளவுதான்.

இதை அளக்கப் பெரிய கருவி வேண்டாம். ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் ஓபிடி சாக்கெட்டில் செருகும் புளூடூத் ரீடர் ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது. போனில் 'இன்டேக் ஏர் டெம்பரேச்சர்' என்று வரும் எண்ணை மட்டும் பார்த்தால் போதும். அந்த எண்ணுக்கும் வெளி வெப்பத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்கள் மதிப்பெண். இதைப் பார்க்காமல் எதையும் வாங்கவோ வெட்டவோ ஆரம்பிக்காதீர்கள்.

கம்பெனி பெட்டியைப் பலரும் மட்டமாக நினைக்கிறார்கள். எங்கள் மாடலில் அதன் வாய் ஏற்கெனவே ரேடியேட்டருக்கு மேலே, முன்பக்க கிரில்லை ஒட்டித்தான் இருக்கிறது. வெளிக்காற்றைத்தான் இழுக்கிறது. அதில் ஒட்டிக்கொண்டிருக்கும் காலி டப்பா மாதிரியான பகுதியை 'வேஸ்ட்' என்று கழற்றி எறிகிறார்கள். அது ரெசனேட்டர், இழுக்கும் சத்தத்தை அடக்க வைத்தது. கழற்றினால் சத்தம் கூடும், சத்தம் கூடினால் வேகம் கூடிய மாதிரி இருக்கும். கம்பெனி அமைப்பின் குறை வேறு: பெட்டியின் பின்பக்கம், எஞ்சினின் சூடான புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. வண்டி நின்றால் பிளாஸ்டிக் சூடேறி, உள்ளே இருக்கும் காற்றும் சூடேறுகிறது.

கோன் ஃபில்டர் அந்தப் பெட்டியையே எடுத்துவிட்டு பானட்டுக்குள் திறந்தவெளியாக உட்காருகிறது. வண்டி நிற்கும்போது ரேடியேட்டர் ஃபேன் தள்ளும் அனல் நேராக அதன் மேல் விழுகிறது. காற்று தடையில்லாமல் போகிறது என்பது உண்மைதான். ஆனால் தடையில்லாமல் போவது சுடுகாற்று. அதைவிட என்னைக் கவலைப்பட வைத்தது தூசி. கோனில் வரும் இந்த எண்ணெய் தடவிய பருத்தி ஃபில்டர்கள், நல்ல பேப்பர் ஃபில்டர் அளவுக்கு நுண்தூசியைப் பிடிப்பதில்லை. எம்-சாண்ட் லாரிக்குப் பின்னால் ரிங் ரோட்டிலும், மேலூர் பக்கம் கல் குவாரிச் சாலைகளிலும் ஓட்டுகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். கல்தூசி சிலிண்டர் சுவரையும் ரிங்கையும் உப்புத்தாள் மாதிரி தேய்க்கும். அது உடனே தெரியாது. சில வருடம் கழித்து ஆயில் குறைய ஆரம்பிக்கும்போதுதான் தெரியும். எண்ணெயை அதிகமாகத் தடவினால், உள்ளே போகும் காற்றை அளக்கும் மாஸ் ஏர் ஃப்ளோ சென்சார் உள்ள வண்டிகளில் அதன் கம்பியில் படிந்து அளவும் கெடும். மச்சினன் வண்டியில் இன்னொன்றும் பார்த்தேன். எஞ்சினுக்குள் சேரும் எண்ணெய்ப் புகையைக் கொண்டுபோய்ப் பெட்டியில் சேர்க்க வேண்டிய பிரீதர் ஹோஸை மாட்ட இடமில்லாமல் சும்மா தொங்கவிட்டிருந்தார்கள். எஞ்சின் முழுக்க எண்ணெய்ப் புகை. அதை அப்படி விடவே கூடாது.

சரி, கோன் இருக்கட்டும், சுற்றி ஒரு மறைப்பு கட்டுவோம் என்று முயன்றோம். அலுமினியத் தகட்டில் மூன்று பக்கச் சுவர், மேலே பானட் மூடியதும் அழுந்துகிற மாதிரி ரப்பர் பீடிங். ஓடும்போது நல்ல பலன் இருந்தது, நிற்கும்போது பாதிதான். அந்தப் பீடிங் பானட்டோடு சரியாகப் பொருந்தவே மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆனது. ஒரு விரல் இடைவெளி இருந்தாலும் ஃபேன் அனல் அதன் வழியே புகுந்துவிடும். கடைசியில் யோசித்துப் பார்த்தால் நாங்கள் செய்திருந்தது, கம்பெனி கழற்றச் சொல்லாத பெட்டியைக் கழற்றிவிட்டு, கையால் இன்னொரு பெட்டி.

நான் என் வண்டியில் செய்ததுதான் நான்காவது வழி. பெட்டியும் பேப்பர் ஃபில்டரும் அப்படியே. இரண்டே சேர்க்கை: பெட்டிக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவே ஒரு தகடு, பெட்டியின் வாய்க்கு கிரில் வரை ஒரு குழாய்.

தகட்டுக்கு முதலில் டிவி வந்த அட்டைப் பெட்டியை வெட்டி அளவு எடுத்தேன். அட்டை சரியாக உட்காரும் வரை தகட்டைத் தொடவில்லை. அந்த அட்டையை கே.புதூர் தொழிற்பேட்டைப் பக்கம் ஒரு பட்டறையில் கொடுத்து, ஒரு மில்லிமீட்டர் அலுமினியத் தகட்டில் வெட்டி வளைத்து வாங்கினேன். பட்டறைக்காரர், "தம்பி, கருப்பு பெயின்ட் அடிச்சுத் தரவா, பார்க்க எடுப்பா இருக்கும்" என்றார். வேண்டாம் அண்ணே என்றேன். பளபளப்பாக இருக்கும் வரைதான் அலுமினியம் கதிர்வெப்பத்தைத் திருப்பி அனுப்பும். கருப்பு அடித்தால் வெப்பத்தை வாங்கிக்கொண்டு மறுபக்கம் பெட்டியின் மேலேயே வீசும். தகடு பெட்டியைத் தொடக்கூடாது, நடுவே ஒன்றரை சென்டிமீட்டர் காற்று இடைவெளி விட்டேன். உண்மையில் வேலை செய்வது பாதி தகடு, பாதி அந்த இடைவெளி. எஞ்சின் தன் மவுன்டிங்கில் ஆடும் என்பதால் எஞ்சின் பக்கம் இரண்டு விரல் இடம் வேண்டும். ஓரமெல்லாம் ரப்பர் பீடிங் போட்டேன், இல்லாவிட்டால் ஒயரை அறுத்துவிடும். பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்குப் பக்கத்தில் தகடு வருகிற மாடல் என்றால் கூடுதல் கவனம். அலுமினியம் பட்டால் ஷார்ட்தான்.

மேனிஃபோல்டின் மேலேயே வெப்பம் தாங்கும் துணிச்சுருள் சுற்றலாமே என்று சிலர் கேட்கிறார்கள். வார்ப்பிரும்பு மேனிஃபோல்டில் அப்படிச் சுற்றினால் வெப்பம் உள்ளேயே தங்கி விரிசல் விடலாம். ஆயில் ஒழுகி அதில் ஊறினால் தீப்பிடிக்கவும் கூடும். கண்ணாடிப் பஞ்சும் வேண்டாம், இழை பிரிந்து ஃபில்டரில் போய் ஒட்டும்.

குழாய்க்கு, மோட்டார் செட்டுக்குப் போடும் 75 மில்லிமீட்டர் பிவிசி பைப்பும் ஒரு பெண்டும். பிவிசி 75, 80 டிகிரியிலேயே இளக ஆரம்பிக்கும். அதனால் ரேடியேட்டருக்கு முன்பக்கம், காற்று படும் இடத்தில் மட்டும்தான் அதைப் போடலாம். மேனிஃபோல்டு பக்கம் கொண்டுபோகவே கூடாது. பெட்டியோடு சேரும் இடத்தில் அரை அடி ரப்பர் ஹோஸ், இரண்டு கிளாம்ப். குழாயின் தாழ்ந்த இடத்தில் தண்ணீர் வடிய ஒரு சின்ன ஓட்டை, வாயில் கம்பி வலை. வலை எலிக்காக. வயல் ஓரம் வண்டி நிறுத்துகிறவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. வெட்டிய பிசிறை ஒரு துணுக்கு விடாமல் துடைத்தேன். எல்லாமே ஃபில்டருக்கு முன்னால் இருப்பதால் தப்பித்தவறி ஒன்று விழுந்தாலும் எஞ்சினுக்குள் போகாது. இந்த வழி எனக்குப் பிடித்ததற்கு இது முக்கியக் காரணம். சென்சார் இருக்கும் பகுதியில் கை வைக்காததால் ஈசியூவின் கணக்கும் மாறுவதில்லை.

குழாய்க்கு வெப்பத் தடுப்பு சுற்ற வேண்டுமா? 1.2 லிட்டர் எஞ்சின் 6000 சுற்றில் நிமிடத்துக்கு 3600 லிட்டர் வரை காற்றை விழுங்கும். அந்த வேகத்தில் குழாய்க்குள் காற்று இருக்கும் நேரம் நொடியில் சிறு பங்கு, சூடேற அவகாசமே இல்லை. வண்டி நின்றபடி எஞ்சின் மட்டும் ஓடும் ஐடிலில் இருபதில் ஒரு பங்கு கூட ஓடாது, அப்போதுதான் குழாயின் சூடு காற்றில் ஏறும். ஆகவே சிக்னலில் அதிகம் நிற்கும் ஊர் வண்டிக்குச் சுற்றலாம், நாற்கரச் சாலையிலேயே ஓடும் வண்டிக்குத் தேவையில்லை.

இனி எண்கள். வெளியே 38 டிகிரி இருந்த நாட்களில், நெரிசலில் பத்து நிமிடம் நின்ற பிறகும், திருமங்கலம் சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்தில் பத்து நிமிடம் ஓடிய பிறகும் எடுத்த இன்டேக் காற்றின் டிகிரிகள். கம்பெனி பெட்டியில், வண்டி நின்றபோது 60, ஓடியபோது 44. திறந்த கோன் 73, 53. தகட்டுப் பெட்டிக்குள் கோன் 66, 45. என் சேர்க்கை 54, 41. ஓட்டத்தில் திறந்த கோனுக்கும் என்னுடையதற்கும் 12 டிகிரி, அதாவது அடர்த்தியில் கிட்டத்தட்ட நாலு சதவீதம். 80 குதிரைத்திறன் வண்டியில் மூன்று குதிரை. கம்பெனி பெட்டியோடு ஒப்பிட்டால் ஓட்டத்தில் ஒரு குதிரைகூடத் தேறாது. பலன் எல்லாம் நின்று கிளம்பும் இடத்தில்தான். எனக்கு அது போதும், என் ஓட்டம் பாதிக்கு மேல் ஊருக்குள்.

மைலேஜ் கூடுமா என்று கேட்டால், கூடாது. ஒரே சீராக ஓட்டும்போது எஞ்சினுக்கு வேண்டிய காற்றை, ஆக்சிலரேட்டரோடு திறந்து மூடும் த்ராட்டில் அளந்துதான் விடுகிறது. குளிர்காற்றால் அங்கே லாபம் இல்லை. டர்போ டீசல்காரர்களும் செலவழிக்க வேண்டாம். டர்போவே காற்றைக் கொதிக்க வைத்து இன்டர்கூலரில்தான் ஆற்றுகிறது, அந்த இன்டர்கூலரின் இடுக்கில் அடைந்த சேற்றைக் கழுவினாலே பலன் அதிகம். சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள், தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டவற்றுக்கு மாறாகிவிடும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. வாரன்டியில் இருக்கும் வண்டி என்றால் எதையும் தொடாதீர்கள்.

ஒரு வழியை மட்டும் நாங்கள் முயலவே இல்லை. ஃபில்டரை பம்பருக்குள், சக்கரத்துக்குப் பக்கத்தில் தாழ இறக்குவது. குளிர்ச்சி என்று பார்த்தால் அதுதான் முதலிடம். ஆனால் ஐப்பசி மழையில் ரயில்வே சுரங்கப்பாதையில் முழங்கால் தண்ணீரில் இறங்கினால், ஒரு மடக்குத் தண்ணீர் சிலிண்டருக்குள் போனாலும் முடிந்தது. தண்ணீரை அமுக்க முடியாது, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். என் குழாயின் வாய் ஹெட்லைட்டின் மேல் விளிம்பு உயரத்தில் இருக்கிறது. அதற்கே புரட்டாசி கடைசியில் கிளாம்ப் இரண்டையும் தளர்த்திக் குழாயை மட்டும் கழற்றி வைத்துவிடுவேன், பெட்டி தன் பழைய வாயில் மூச்சு விடும். தகடு வருடம் முழுக்க அங்கேயே இருக்கும்.

மச்சினன் கோனைக் கழற்றிவிட்டான். நல்லவேளையாகப் பழைய பெட்டியை பரணில் போட்டு வைத்திருந்தான். என் டிவி அட்டையைத்தான் இப்போது வாங்கிக்கொண்டு போயிருக்கிறான்.