பெர்லினிலிருந்து பிராக்: ரயிலா, பஸ்ஸா?

பெர்லினில் படிக்க வந்தவர்கள் செமஸ்டர் லீவு விட்டதும் முதலில் கேட்பது இதைத்தான். இரண்டிலும் போய்ப் பார்த்தாயிற்று.

செலவு: பஸ்தான் மலிவு. சில வாரம் முன்பே எடுத்தால் ரயிலும் கிட்டத்தட்ட கட்டுப்படியாகும். கடைசி நேரத்தில் எடுத்தால் பர்ஸ் காலி.

நேரம்: இரண்டும் நாலு, நாலரை மணி. ரயில் தாமதமாகும், பஸ் நெரிசலில் மாட்டும். சமம்தான்.

ஏறுமிடம்: ரயில் நகரின் நடுவிலேயே. பஸ் நிலையம் மேற்கே, கண்காட்சி வளாகத்துக்குப் பக்கத்தில். விடிகாலை பஸ் என்றால் தூக்கம் போச்சு.

ஜன்னல்: இங்கேதான் ரயில் ஜெயிக்கிறது. டிரெஸ்டன் தாண்டியதும் எல்பே ஆறு கூடவே வரும். இடது பக்கம் உட்காருங்கள். ஆற்றுக்கு அக்கரையில் மணற்கல் பாறைகள் கோபுரம் கோபுரமாக நிற்கும்; அந்த ஒரு மணி நேரம் போனைத் தொடத் தோன்றாது. பஸ்ஸில் பார்ப்பது நெடுஞ்சாலையும் லாரியும்.

பாஸ்போர்ட், குடியிருப்பு அட்டை எதில் போனாலும் கையில் இருக்கட்டும்; எல்லையில் சோதனை இருக்கலாம்.

முதல் தடவை போகிறவர்களுக்குப் பகல் ரயில். மாசக் கடைசி, அல்லது அடிக்கடி போகிறவர் என்றால் பஸ். நான் ரயிலில் போய், ராத்திரி பஸ்ஸில் தூங்கிக்கொண்டே திரும்புவேன்.