திட்ட அறிக்கையா, நாமே எழுதும் நாலு கட்டமா? எங்கள் சங்கம் இரண்டையும் பார்த்ததில்

குன்னூர், கோத்தகிரி பக்கம் கட்டட வேலை பார்க்கும் இன்ஜினியர்கள் சேர்ந்த சின்னச் சங்கம் எங்களுடையது. அடுத்த பத்து வருடத்தில் தொழில் எந்தப் பக்கம் திரும்பும் என்று முன்கூட்டியே யோசித்துவைக்க இரண்டு வழிகளை முயன்றோம். ஒன்று, கன்சல்டன்ட் வைத்து ஐந்தாண்டுத் திட்ட அறிக்கை வாங்குவது. இன்னொன்று, உறுப்பினர்களே உட்கார்ந்து நாலு விதமான எதிர்காலத்தை எழுதிப் பார்ப்பது. நான் இரண்டாவது பக்கம்.

அறிக்கைக்குச் செலவு அதிகம், நம் நேரம் மிச்சம், வெளியில் காட்ட ஒரு புத்தகம் கிடைக்கும். 2023-ல் நாங்கள் வாங்கியதில் காட்டேஜ், லாட்ஜ் வேலை வருடா வருடம் கூடிக்கொண்டே போகும் என்று இருந்தது. 2024 மே 7 முதல் நீலகிரிக்கு வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் (ஆன்லைனில் வாங்கும் அனுமதி) வந்தது. 2025 ஏப்ரலில் வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டி என்று நீதிமன்ற உத்தரவுப்படி வரம்பும் வந்தது. அதை அவர்கள் முன்பே கணித்திருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை, யாராலும் முடிந்திருக்காது. ஆனால் நிலைமை மாறிய பிறகும் அந்தப் பக்கத்தைத் திருத்த ஆளில்லை. எழுதியவர்கள் வேலையை முடித்துப் போய்விட்டார்கள், எங்களில் யாருக்கும் அது தன் கணக்கு என்ற எண்ணம் இல்லை.

நாலு கட்டம் போடுவது புது வித்தை இல்லை. ஷெல் எண்ணெய் நிறுவனம் 1970-களின் தொடக்கத்திலேயே இதைச் செய்தது, 1973-ல் எண்ணெய் நெருக்கடி வந்தபோது அப்படி ஒன்று வரலாம் என்று அவர்கள் முன்பே யோசித்திருந்தார்கள். எப்படிப் போகும் என்றே தெரியாத, ஆனால் நம் பிழைப்பை ஆட்டிவைக்கும் இரண்டு விஷயங்களை எடுத்துக் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போட்டால் நாலு கட்டம் வரும். நாங்கள் எடுத்தது மழையும் சுற்றுலாக் கூட்டமும். 2009 நவம்பரில் இந்தப் பக்கம் சரிந்த சரிவுகளைப் பார்த்தவர்கள் இன்னும் சங்கத்தில் இருக்கிறார்கள். 2019 ஆகஸ்டில் எங்கள் மாவட்டத்து அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 செ.மீ. கொட்டியது. அதனால் பெருமழை கூடி, கூட்டம் குறையும் கட்டத்தில்தான் அதிக நேரம் நின்றோம். புதுக் கட்டடம் குறையும். தடுப்புச் சுவர், வடிகால், பழைய வீட்டை வலுப்படுத்துவது, இதுதான் வேலை. "சரி தம்பி, சரிவுல ஆணி அடிச்சு மண்ணை நிறுத்துற டிசைன் நம்மள்ல எத்தனை பேருக்கு வரும்?" என்று மூத்த அண்ணன் ஒருவர் கேட்டார். இரண்டு கைதான் எழுந்தது. இந்த வருடப் பயிற்சி எதற்கு என்பது அங்கேயே முடிவாகிவிட்டது.

எனக்குத் தீர்மானமாகப் பட்டது பராமரிப்புதான். எதிர்காலக் கணிப்பு கூரைத் தகரம் மாதிரி, வருடா வருடம் ஏறிப் பார்க்காவிட்டால் ஒழுகும். எங்கள் முறையில் ஒவ்வொரு அறிகுறிக்கும் ஒரு ஆள் பொறுப்பு: ஒருவர் இ-பாஸ் உத்தரவுகளை, ஒருவர் மழை அளவை, ஒருவர் மலைப்பகுதிக் கட்டட விதிகளை, ஒருவர் கொத்தனார் கூலியையும் ஆள் கிடைப்பதையும் பார்த்துக்கொள்கிறார். தென்மேற்கு மழைக்கு முன்னால் மே மாதம் ஒரு கூட்டம், எங்கள் பக்கம் பலமாக அடிக்கும் வடகிழக்கு மழைக்கு முன்னால் செப்டம்பரில் ஒன்று. செலவு டீயும் வர்க்கியும். எந்தக் கட்டத்தை நோக்கிப் போகிறோம் என்று மினிட் புத்தகத்தில் ஒரு பத்தி எழுதிக் கையெழுத்துப் போடுகிறோம்.

இதுவரை மூன்று கூட்டம்தான் நடந்திருக்கிறது, மூன்றாவதற்குப் பாதிப் பேர்தான் வந்தார்கள். பொறுப்பெடுத்தவர் ஊர் மாறிப்போனால் என்ன செய்வது என்று இன்னும் முடிவு செய்யவில்லை. நூற்றுக்கணக்கில் உறுப்பினர் உள்ள பெரிய சங்கத்தில் இது நடக்குமா என்று என்னால் சொல்ல முடியாது. அங்கே அறிக்கையே சரியாக இருக்கலாம், ஆனால் வாங்கும்போதே வருடம் ஒருமுறை வந்து திருத்தித் தரவேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.