கினிப்பன்றி வளர்ப்பவர்கள் கவனம்: திமோத்திப் புல் என்று வைக்கலை விற்கிறார்கள்

யாழ்ப்பாண நகரில் வளர்ப்புப் பிராணிகளுக்கான சாமான் விற்கும் ஒரு கடையில் எங்கள் கினிப்பன்றிகளுக்கு உலர்புல் வாங்கினேன். ‘இறக்குமதித் திமோத்தி’ என்று கணினியில் அடித்த துண்டு ஒட்டியிருந்தது. திமோத்தி என்பது கினிப்பன்றிக்குத் தீனியாகக் காயவைத்துக் கொடுக்கும் ஒரு வெளிநாட்டுப் புல். எந்த நாடு, எப்போது பொதி செய்தது, எவ்வளவு நிறை, ஒன்றும் இல்லை. பையின் முன்பக்கம் மட்டும் உள்ளே தெரியும். அதில் நல்ல பச்சைப் புல்.

மேலே இருந்ததைப் போட்டபோது இரண்டும் ஆசையாகத் தின்றன. அந்தப் பச்சை முடிந்ததும் சின்னது தும்மத் தொடங்கியது. பிறகு கூட்டின் மூலையில் ஒடுங்கிக்கொண்டு எதையும் தொடவில்லை, புழுக்கையும் குறைந்துபோனது. சந்தேகத்தில் பையை முற்றத்தில் கொட்டினேன். முக்கால்வாசி நெல் வைக்கல்! மணி உதிர்ந்த கதிர்க்காம்புகள் அப்படியே கிடந்தன. அடியில் ஈரம் பட்டுக் கறுத்த கட்டிகள், உதறினால் வெள்ளையாகத் தூசி.

கடைக்குக் கொண்டுபோனேன். “அக்கா, திறந்த சாமான் திருப்பி எடுக்கிறேல்ல. வெளிநாட்டுப் புல் இப்பிடித்தான் இருக்கும்” என்றார் அங்கே நின்றவர். வயலும் சூடடிப்பும் பார்த்து வளர்ந்த ஊரில் வைக்கலைக் காட்டி இப்படிச் சொல்ல எப்படி மனம் வருகிறது?

காசைவிட எனக்கு வேதனை அந்தச் சின்ன உயிர் பட்ட பாடுதான். கினிப்பன்றிக்கு முன்பல்லும் கடைவாய்ப்பல்லும் ஆயுள் முழுக்க வளரும். நாள் முழுதும் புல்லை அரைத்தால்தான் அவை தேயும். குடலும் அந்த நார் இருந்தால்தான் ஓடும். அரை நாள், ஒரு நாள் தின்னாமல் விட்டாலே குடல் நின்று உயிருக்கு ஆபத்து, விடியட்டும் பார்ப்போம் என்று இருக்கக் கூடாது. மாடு அசைபோடுகிற பிராணி, வைக்கலோடு புண்ணாக்கும் வைத்தால் சமாளிக்கும். கினிப்பன்றிக்கு வைக்கல் கீழே விரிக்க உதவும், சாப்பாடாகாது. பூஞ்சணம் பிடித்த தூசி நுரையீரலுக்குப் போனால் இன்னும் மோசம். எங்கள் சின்னதை மிருக வைத்தியரிடம் காட்டி, ஊறவைத்த தீனியை ஊசியில்லாத சிரிஞ்சால் ஊட்டித்தான் மீட்டோம். இன்னொன்று, வீட்டில் மிஞ்சிய அமொக்சிசிலின் என்ற அன்டிபயோட்டிக் மருந்தைக் கரைத்துக் கொடுத்துவிடாதீர்கள். அது கினிப்பன்றியின் குடலைக் கெடுத்துக் கொன்றே விடும்.

காசு கொடுக்க முதல் பையைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் வாங்க வேண்டாம். கையை அடிவரை விட்டு ஒரு பிடி எடுத்து மணந்து பாருங்கள். நல்ல புல்லில் பச்சை நிறம் மிச்சமிருக்கும், இனிமையாக மணக்கும், தண்டோடு இலையும் இருக்கும். திமோத்தியின் கதிர் கிளை விடாது, போத்தல் கழுவும் தூரிகை போல நீளமாக நெருங்கியிருக்கும். பக்கத்துக்குப் பக்கம் பிரிந்து தொங்கும் கதிர்க்காம்பைக் கண்டால் நெல் என்று சந்தேகப்படுங்கள். புழுங்கல் வாடை, கறுப்புப் புள்ளி, உதறும்போது தூசி, இதில் எது இருந்தாலும் விட்டுவிடுங்கள். “அல்பால்பா இன்னும் சத்து” என்று, பயறு இனத்துச் செடியைக் காயவைத்த தீனி ஒன்றையும் காட்டுவார்கள். குட்டிக்கும் சினைப்பட்டதுக்கும் சரி. வளர்ந்ததுக்குத் தினமும் கொடுத்தால் அதிலுள்ள கல்சியம் சலப்பையில் கல்லாகலாம்.

ஐப்பசி, கார்த்திகை மழைக்குள் வாங்குவதென்றால் இரட்டிப்புக் கவனம். நல்ல புல்லும் பொலித்தீனில் இறுக்கிக் கட்டினால் வேர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். நான் இப்போது துணிப்பையில் போட்டு நிலத்தில் படாமல் தூக்கி வைக்கிறேன்.

இறக்குமதிப் புல்லைத்தான் நம்பியிருக்க வேண்டும் என்றும் இல்லை. மாட்டுக்காரர் வளர்க்கும் கினிப்புல்லைப் பூக்க முதல் வெட்டி, சோளகக் காற்றில் (தென்மேற்குக் காற்றில்) நிழலில் காயவைத்தால் பச்சை மாறாமல் வரும். வீதியோரப் புல்லும், மருந்தடித்த தோட்ட வரம்புப் புல்லும் வேண்டாம்.

பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள், பையையும் துண்டையும் படம் எடுத்து வையுங்கள். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் முறையிடலாம். என் முறைப்பாட்டைக் கொடுத்துவிட்டேன். கோண்டாவில், இணுவில் பக்கம் யாராவது மருந்தடிக்காமல் கினிப்புல் வளர்த்தால் சொல்லுங்கள், மாதாமாதம் வாங்கிக்கொள்கிறேன்.