மாடல் ராக்கெட்டுக்குப் பால்சா மரத் துடுப்பு வெட்டி வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

டெக்சாஸில் நானும் என் மகளும் மூன்று மாதம் உட்கார்ந்து செய்த மாடல் ராக்கெட், ஏவுகம்பியை விட்டு ஒரு பனைமர உயரம்கூடப் போகவில்லை. ராக்கெட்டை நேராகப் போக வைக்கும் மூன்று துடுப்பில் (fin) ஒன்று அடியோடு பிய்ந்து பறந்தது. ராக்கெட் சுழன்று தரையில் குத்தி நின்றது. எல்லோரும் தள்ளி நின்றதால் யாருக்கும் அடியில்லை. மகள் அழுதுவிட்டாள்.

துடுப்பையும், ராக்கெட்டின் கூரான மூக்கான நோஸ் கோனையும் ஆன்லைனில் ஒருவரிடம் அளவு கொடுத்துச் செய்து வாங்கியிருந்தோம். நோஸ் கோன் வந்த அன்றே சந்தேகம் வந்திருக்க வேண்டும். ராக்கெட்டின் உடலான எங்கள் பிடி-60 அளவுக் குழாயின் உள்விட்டம் 40.5 மி.மீ. அதற்குள் இறங்க வேண்டிய கழுத்துப் பகுதியோ வெர்னியரில் 40.9 காட்டியது. அப்படியே அடித்து இறக்கியிருந்தால் மேலே வெடிமருந்து தள்ளும்போது மூக்கு கழன்றிருக்காது, பாராசூட்டும் வெளியே வந்திருக்காது. சரி போகட்டும் என்று ஒரு மணி நேரம் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துச் சரிசெய்தேன்.

துடுப்பில்தான் ஏமாந்தேன். வழவழவென்று வெள்ளைப் பூச்சு பூசி அனுப்பியிருந்தார், பார்க்க அத்தனை நேர்த்தி. விழுந்த பிறகு மிச்சமிருந்த ஒன்றில் பூச்சைச் சுரண்டிப் பார்த்தேன். மரத்தின் நார் குழாயோடு சேர்ந்து நீளவாக்கில் ஓடுகிறது. துடுப்பின் முன்விளிம்பை ஒட்டி, குழாயிலிருந்து வெளிப்பக்கமாக ஓட வேண்டிய நார் அது. விரலால் லேசாக வளைத்தேன், ஒட்டிய இடத்துக்குப் பக்கத்திலேயே பிஸ்கட் மாதிரி முறிந்தது. பால்சா நாரை ஒட்டித்தான் பிளக்கும். பசை எவ்வளவு நல்லதாக இருந்தும் பயனில்லை. திருப்பி வைத்தால் ஒரே பலகையில் கூடுதல் துடுப்பு வெட்டலாம், அதற்காகத்தான் செய்திருப்பார் என்று நினைக்கிறேன்.

நான் அனுப்பிய வரைபடத்தில் நார் திசைக்கு அம்புக்குறி போட்டிருந்தேன். அதைக் காட்டிக் கேட்டதற்கு, "பறக்கவிட்ட பொருளுக்குப் பணம் திருப்ப மாட்டோம்" என்று ஒரே வரியில் பதில். அப்புறம் பதிலே இல்லை.

நீங்கள் யாரிடம் வாங்கினாலும் பூச்சு இல்லாத மரமாகவே அனுப்பச் சொல்லுங்கள். ஒட்டுவதற்கு முன் வெளிச்சத்தில் பிடித்து நார் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பாருங்கள், இரண்டு விரலால் மெல்ல வளைத்தும் பாருங்கள். நோஸ் கோனுக்குக் குழாயின் வெளிவிட்டத்தை மட்டும் சொல்லாமல் உள்விட்டத்தையும் எழுதிக் கொடுங்கள்.

புதிய துடுப்புகளை மகளே பிளேடால் வெட்டிக்கொண்டிருக்கிறாள். ஒவ்வொன்றிலும் பென்சிலால் அம்புக்குறி போட்ட பிறகுதான் கத்தியை வைக்கிறாள்.