தில்லைநகரில் ஒரு ஸ்கேனும் அப்பாவின் சிறுநீர்ப்பையும்

சிங்கப்பூரிலிருந்து திருச்சிக்கு வருகிற எங்களில் பலருக்கு லீவு என்பதே அப்பா அம்மாவை டாக்டரிடம் கூட்டிப்போகிற காலம்தான். இந்தத் தடவை அப்பா. ராத்திரியில் நாலைந்து முறை எழுந்து போகிறார். பஸ் ஏறுகிற நாளில் காலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதில்லை. கல்யாண மண்டபத்துக்குள் நுழைந்ததும் பாத்ரூம் எந்தப் பக்கம் என்று பார்த்து வைத்துக்கொள்கிறார். கேட்டால், "வயசானா அப்படித்தான்டா" என்று முடித்துவிடுவார்.

ஸ்கேன் எடுக்கிற வேகத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சிங்கப்பூரில் பாலிகிளினிக் கடிதம் வாங்கி ஸ்பெஷலிஸ்டைப் பார்க்க வாரக்கணக்கில் ஆகும். திருச்சி தில்லைநகரில் ஒரு ஸ்கேன் சென்டருக்குக் காலையில் வெறும் வயிற்றோடு போனோம், மத்தியானச் சாப்பாட்டுக்கு ரிப்போர்ட்டோடு வீட்டில் இருந்தோம். செலவு ஆயிரத்துச் சொச்சம். கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று சொல்ல மாட்டோம் என்ற பலகை, அதன் கீழே தண்ணீர் கேன், டம்ளரும் கையுமாக ஒரு கூட்டம். "முட்டிக்கிட்டு வந்ததும் சொல்லுங்க சார்" என்றது ரிசப்ஷன் பெண். அப்பாவுக்கு ரெண்டாவது டம்ளரிலேயே முட்டிவிட்டது. படுக்கவைத்தார்கள், சில நிமிஷத்தில் முடித்தார்கள். (இத்தனை பேரைத் தண்ணீர் குடிக்கவைத்துவிட்டு ஒரே ஒரு கழிவறையோடு சென்டர் நடத்துவதற்கு ஒரு தைரியம் வேண்டும்.)

ரிப்போர்ட்டில் சிறுநீர்ப்பைச் சுவர் 6 மி.மீ., தடித்திருக்கிறது, அழற்சியா என்று பார்க்கவும், ப்ராஸ்டேட் (ஆண்களுக்குச் சிறுநீர்ப்பையின் வாசலைச் சுற்றி இருக்கும் சுரப்பி) வீக்கம் என்று போட்டிருந்தது. கவரை நீட்டியவரிடம் விவரம் கேட்டேன். "டாக்டர்கிட்ட காட்டுங்க." அவ்வளவுதான். வீட்டுக்கு வந்தால் சித்தப்பா, "கட்டி கிட்டியா இருக்குமோ" என்று ஆரம்பித்துவிட்டார். தெருமுனை மெடிக்கலில் ரிப்போர்ட்டைப் பார்த்ததுமே ஒரு ஆன்டிபயாடிக் பட்டையை எடுத்துவைத்தார்கள். வாங்கவில்லை. யூரின் கல்ச்சர் (சிறுநீரில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கிற டெஸ்ட்) கொடுப்பதற்கு முன்னால் அதைப் போட்டால், கிருமி இருந்தாலும் கல்ச்சரில் வளராமல் போகலாம்.

சாயங்காலம் யூராலஜி (சிறுநீர்ப் பாதை) டாக்டர். டோக்கனில் ஏழு மணி, உள்ளே போகும்போது ஒன்பதரை. ஆனால் காத்திருந்ததற்குக் கூலி கிடைத்தது. ரிப்போர்ட்டைப் புரட்டிய உடனே அவர் கேட்டது: "ஸ்கேன் எடுக்கும்போது பை எவ்வளவு ரொம்பியிருந்துச்சு?" அந்த எண் ரிப்போர்ட்டில் இல்லை. நன்றாக நிரம்பியிருந்தால் சுவர் 3 மி.மீ.க்குள் இருக்க வேண்டுமாம். காலியாகவோ அரைகுறையாகவோ இருந்தால் சுருங்கி, 5 மி.மீ. வரைகூட இயல்புதான். 6 என்பது இரண்டுக்கும் மேல்தான்; ஆனாலும் எவ்வளவு நிரம்பியிருந்தது என்று தெரியாமல், உண்மையில் எவ்வளவு தடிப்பு என்று அந்த எண்ணை வைத்து முடிவுகட்ட முடியாது.

பிறகு அப்பாவிடம் திரும்பினார். "முக்க வேண்டியிருக்காங்கய்யா? போய்ட்டு வந்தப்புறமும் சொட்டுதா? எரிச்சல்? எப்பவாவது ரத்தம் போச்சா, ஒரே ஒரு தடவையாவது?" ரத்தம் இல்லை. பீடி? அப்பா என்னைப் பார்த்தார். விட்டுப் பல வருஷம் ஆகிறது என்றார். அந்தக் கேள்வி ஏன் என்று டாக்டரே சொன்னார். சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்குப் புகைதான் பெரிய காரணம். வலியே இல்லாமல் ரத்தம் போவது அதன் முதல் அடையாளமாக இருக்கலாம். சுவர் ஒரு இடத்தில் மட்டும் மேடாகத் தெரிந்தாலோ, ரத்தம் போயிருந்தாலோ, உள்ளே கேமரா விட்டுப் பார்க்கிற சிஸ்டாஸ்கோபியைத் தள்ளிப்போடக் கூடாது. அப்பாவுக்குச் சுற்றிலும் ஒரே சீரான தடிப்பு.

"தினம் கரலாக்கட்டை சுத்துறவருக்குப் புஜம் பருக்குதுல்ல, அதே கதைதான்" என்றார். ப்ராஸ்டேட் வீங்கி வாசலை இறுக்குகிறது. பையின் தசை முக்கி முக்கித் தள்ளுகிறது, தடிக்கிறது. இப்படியே பல வருஷம் விட்டால் தசை ஓய்ந்து, சிறுநீர் தங்கி, கல்லும் கிருமியும் சேர்ந்து, கடைசியில் கிட்னி வரைக்கும் பாதிக்கலாம்.

எல்லோருக்கும் இதே காரணம் இல்லை. பெண்களுக்குப் பெரும்பாலும் கிருமித் தொற்று. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் கரண்ட் (ரேடியேஷன்) வைத்தவர்களுக்கு வருஷங்கள் கழித்தும் வரலாம். நம் ஊரில் மறக்கக் கூடாதது டி.பி.: சிறுநீரில் சீழ் செல் நிறைய இருந்து, கல்ச்சரில் ஒன்றும் வளரவில்லை என்றால் அதையும் தேட வேண்டும். ஆப்பிரிக்காவில் வேலை பார்த்து, அங்கே ஏரி, ஆற்றில் இறங்கியவர்கள் அதை டாக்டரிடம் சொல்லிவிடுவது நல்லது. அந்தத் தண்ணீரில் இருக்கும் ஒரு புழுவும் சிறுநீர்ப்பையைத் தடிக்கவைக்கும்.

அடுத்த நாள் ஃப்ளோ டெஸ்ட். புனல் வைத்த ஒரு மிஷினில் சிறுநீர் போக வேண்டும், அது கிராஃப் போட்டுக் கொடுக்கும். குறைந்தது 150 மில்லியாவது போனால்தான் கணக்கில் சேரும். பக்கத்தில் ஒரு அட்டெண்டர் நின்றுகொண்டிருந்தால் யாருக்கு வரும்? அவரை டீ குடிக்க அனுப்பிய பிறகுதான் அப்பாவுக்கு வந்தது. அதிக வேகமே நொடிக்கு 8 மில்லி. 15க்கு மேல் இருந்தால் நல்லது, 10க்குக் கீழே என்றால் அடைப்பாகவோ தசை பலவீனமாகவோ இருக்கலாம். நிதானமாக நிரப்பி மறுபடி எடுத்த ஸ்கேனில் சுவர் 4 மி.மீ. போய்விட்டு வந்த பிறகும் தங்கியது 90 மில்லி. பி.எஸ்.ஏ. (ப்ராஸ்டேட்டுக்கான ரத்தப் பரிசோதனை), கிரியாட்டினின் (கிட்னிக்கானது), யூரின் எல்லாம் சரியாக இருந்தன.

ஆபரேஷன் இப்போதைக்கு வேண்டாம். ராத்திரி, வாசலின் இறுக்கத்தைத் தளர்த்த ஒரு டாம்சுலோசின் மாத்திரை. தலைசுற்றலாம், அதனால் படுக்கையிலிருந்து சட்டென்று எழக் கூடாது என்று அம்மாவிடமும் சொல்லி அனுப்பினார்.

ஊருக்கு வந்து இந்த ஸ்கேன் எடுக்கிறவர்கள், ஸ்கேன் சமயத்தில் பையில் எத்தனை மில்லி, போன பிறகு மிச்சம் எத்தனை, தடிப்பு சுற்றிலுமா ஓரிடத்திலா, இந்த மூன்றையும் அங்கேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கேட்டால் போட்டுத் தருகிறார்கள். அடுத்த ஃப்ளோ டெஸ்ட்டுக்கு அக்கா கூட்டிப்போகிறாள். அட்டெண்டரை முதலிலேயே டீக்கு அனுப்பிவிடச் சொல்லியிருக்கிறேன்.