போர்டு அசெம்பிளிக்கு மொத்தமாகக் கொடுப்பவர்கள் கவனத்துக்கு

ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கணினி மேல் செருகும் டிஎஸ்பி (ஒலியை டிஜிட்டலாகக் கையாளும்) போர்டு ஒன்றை வடிவமைத்து, 20 செட் செய்ய ஒரு அசெம்பிளி நிறுவனத்திடம் கொடுத்தேன். உதிரிபாகம் வாங்குவது முதல் சால்டரிங் வரை எல்லாம் அவர்கள் பொறுப்பு. முழுப் பணத்தையும் முன்னாலேயே வாங்கிக்கொண்டார்கள். வந்த 20-ல் 13 வேலை செய்யவில்லை.

கல்யாண மண்டபங்களின் ஒலி அமைப்புக்காகச் செய்தது இது. கீழ்ப் போர்டில் பவர் சப்ளை, ஆடியோ சாக்கெட்டுகள், 40 பின் கனெக்டர். ஒலியைக் கையாளும் ஏடிஏயூ1701 என்ற டிஎஸ்பி சிப்பும் அதைச் சுற்றியுள்ள பாகங்களும் தனியாக ஒரு சின்னப் போர்டில். பழுதானால் அதை மட்டும் கழற்றி மாற்றலாம் என்றுதான் அப்படிப் பிரித்தேன்.

பழுதான போர்டுகளில் ஐ2சி ஸ்கேன் (பையோடு இணைந்த சிப்புகளை முகவரி வைத்துத் தேடுவது) செய்தால் இந்த சிப்பின் முகவரியான 34 வரவே இல்லை. 3.3 வோல்ட் இருந்தது, 1.8 வோல்ட் இல்லை. இந்த சிப், வெளியே உள்ள ஒரு பிஎன்பி டிரான்சிஸ்டரை இயக்கித் தனக்கான 1.8 வோல்ட்டைத் தானே உருவாக்கிக்கொள்ளும். "உங்க டிசைன்தான் தப்பு சார்" என்றார்கள். நானும் நம்பிவிட்டேன். மூன்று வாரம் டிரான்சிஸ்டரை மாற்றினேன், கிரிஸ்டலை மாற்றினேன், லேஅவுட்டைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

கடைசியில் அங்கீகாரம் பெற்ற விநியோகஸ்தரிடம் ஒரு சிப் வாங்கி, காலிச் சின்னப் போர்டில் நானே சால்டர் செய்து, அதே கீழ்ப் போர்டில் செருகினேன். உடனே 34 வந்தது.

அப்புறம்தான் பழைய சிப்பை அசிட்டோன் நனைத்த பஞ்சால் தேய்த்தேன். கறுப்புப் பூச்சு பஞ்சோடு வந்தது, அச்சிட்ட பெயரும் அழிந்தது. பூச்சுக்கு அடியில் சுரண்டிய கீறல்கள். முதல் பின்னைக் காட்டும் குழிகூடப் பூச்சில் பாதி மூடியிருந்தது. வேறு ஏதோ சிப்பின் மேல் பெயரை மாற்றி அச்சடித்திருக்கிறார்கள். (பஞ்சில் ஒன்றும் ஒட்டாவிட்டாலும் அசல் என்று முடிவு செய்துவிடாதீர்கள். லேசரில் பெயர் பொறித்த போலிகளும் உண்டு.)

படங்களை அனுப்பிக் கேட்டேன். "மார்க்கெட்ல கிடைச்சதைத்தான் போட்டோம்" என்றார்கள். சிப் வாங்கிய பில்லைக் காட்டவில்லை, பணமும் திரும்பவில்லை.

தயவுசெய்து முக்கியமான சிப்பையாவது நீங்களே வாங்கிக் கொடுங்கள். அது முடியாவிட்டால் விநியோகஸ்தர் பில்லும், சிப்புகள் சுற்றி வரும் ரீலின் லேபிள் படமும் வந்த பிறகே அசெம்பிளியைத் தொடங்கச் சொல்லுங்கள். முதலில் இரண்டே போர்டு செய்து வாங்கி, ஓட்டிப் பாருங்கள். மீதிப் பணம் அதற்குப் பிறகு.

ஹாட் ஏர் வைத்து 13 சிப்பையும் எடுத்தேன். நான்கு சின்னப் போர்டுகளில் பேட் (சிப்பின் கால் ஒட்டும் செப்புப் பகுதி) பெயர்ந்துவிட்டது. ஒன்பதில் புதுச் சிப் போட்டிருக்கிறேன், எல்லாம் ஓடுகின்றன. கீழ்ப் போர்டுகளில் ஒன்றைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை.